மில் ஓடாத மலையில் கடைசி ஆல்பம்

எங்கள் கடைசி ஆல்பத்தைக் கல்வராயன் மலையில் பதிவு செய்தோம் என்று சொன்னால் கேட்பவர்கள் உடனே முகம் மலர்ந்து, "ஆகா, எவ்வளவு அமைதியான இடம்!" என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த அமைதிதான் எங்களைக் கெடுத்தது. அதைச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை, அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் மூன்று பேர். நான் டிரம்ஸ். நைனார்பாளையத்தில் எங்கள் அப்பாவோடு சேர்ந்து ரைஸ்மில்லைப் பார்த்துக்கொள்கிறவள். கிடார் வாசிக்கிறவன் அந்த மலைமேல் கரியாலூரில் பள்ளிக்கூட ஆசிரியன், அவனை வாத்தி என்போம். பாடுகிறவன் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செருப்புக்கடை வைத்திருக்கும் பாயின் மகன். அவனைக் கடைக்காரன் என்றே கூப்பிடுவோம், அவனுக்கு அது பிடிக்காது என்பதாலேயே. காலேஜில் சேர்ந்து படித்தபோது தொடங்கிய பேண்டு இது. வாசித்தது ஹார்ட்கோர் பங்க். தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், ஒரு பாட்டு ஒரு நிமிஷம், மிஞ்சிப்போனால் ஒன்றரை. டிரம்ஸ் தலைதெறிக்க ஓடும், கிடார் இரையும், பாடுகிறவன் பாடவே மாட்டான், அடிவயிற்றிலிருந்து கத்துவான். எங்கள் அம்மா முதல்முறை கேட்டுவிட்டு, "இன்னாடி, அந்தப் புள்ளைக்கு வயித்து வலியா?" என்றாள். நியாயமான கேள்விதான்.

இந்தச் சத்தத்தை எந்த வீட்டில் வைத்துப் பழகுவது? அக்கம்பக்கத்தில் கல்லால் அடிப்பார்கள். அதனால் எங்கள் மில்லில்தான் பழகினோம், அதுவும் மெஷின் ஓடும் நேரத்தில் மட்டும். நெல் மூட்டை அடுக்கும் கொட்டகைக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு. இந்தப் பக்கம் நாங்கள் என்ன ஆட்டம் ஆடினாலும் அந்தப் பக்கம் அரிசிக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது.

மோட்டாரிலிருந்து மெஷினுக்கு ஓடும் அகலமான பெல்ட்டில் ஓரிடத்தில் ஒட்டுப் போட்டிருக்கும். அந்த ஒட்டு சக்கரத்தைத் தொடும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், தரை லேசாக அதிரும். எனக்கு டிரம்ஸ் சொல்லிக்கொடுத்தது யாரும் இல்லை, அந்த டக்தான். காதில் வாங்கியதைவிட உள்ளங்காலில் வாங்கியதுதான் ஜாஸ்தி. வோல்டேஜ் குறைந்த நாளில் எங்கள் பாட்டும் சேர்ந்து சோர்ந்துபோகும். முந்தைய இரண்டு ஆல்பங்களையும் அங்கேயே பதிவு செய்தோம். இந்தோனேசியாவிலிருந்து யாரோ ஒருத்தர் நெட்டில் கேட்டுவிட்டு, பின்னால் ஓடுவது என்ன கருவி என்று கேட்டு எழுதியிருந்தார். நெல் அரைக்கிற மெஷின் என்று பதில் போட்டோம். அவர் நம்பவில்லை.

கடைக்காரனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடையில் அவன் வாயே திறக்க மாட்டான். வந்தவர்கள் காலைப் பார்ப்பான், பெட்டியைத் திறப்பான், செருப்பை எடுத்து வைப்பான், அவ்வளவுதான். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பாய்க்கு, அதாவது அவன் அத்தாவுக்கு, பொறுக்காது. "வாயத் தொறந்து ரெண்டு வார்த்த சொல்லேன்டா! ஊமையா நீ?" என்று வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே திட்டுவார். பிறகு மகனுக்கும் சேர்த்து அவரே பேசி வியாபாரத்தை முடிப்பார். அதே கடைக்காரன் ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கு வந்து மைக்கைப் பிடித்தால் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொள்ளும். வாரம் பூராவும் வாயில் அடக்கி வைத்ததை அங்கே வந்து கொட்டுகிறான் என்று நினைத்துக்கொள்வேன். என்ன கொட்டுகிறான் என்று கேட்டதில்லை. மெஷின் சத்தத்தில் அவன் வார்த்தை ஒன்றுகூட எனக்குக் கேட்டதும் இல்லை.

போன வருஷம் அவன் குரல் கம்மத் தொடங்கியது. சளி என்றான், தூசி என்றான். கடைசியில் புதுச்சேரியில் ஒரு தொண்டை டாக்டரிடம் போனான். குரல் வரும் இடத்தில் கட்டி இருக்கிறது, ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும், பிறகு பேச்சு வரும், எந்த அளவுக்கு வரும் என்று இப்போது சொல்வதற்கில்லை, கத்துவதை மட்டும் அடியோடு மறந்துவிடு என்று சொல்லி, ஆபரேஷனுக்கு நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார். அதுவரை பேசுவதைக்கூடக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்.

அங்கிருந்து நேராக மில்லுக்கு வந்தான். வந்தவன் சொன்ன முதல் வார்த்தை, "ஆபரேஷனுக்கு முந்தி ஒரு ஆல்பம் போட்டுடலாம்."

"உனுக்கு இன்னா பைத்தியமா? கத்தக் கூடாதுன்னு இப்பதான டாக்டர் சொன்னாரு?"

"அப்பறம் ஆயுசு பூரா சும்மாதான இருக்கப் போறேன்."

நான் திட்டாத திட்டு இல்லை. அத்தாவிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். அவன் சிரித்தான். "சொல்லு. நான் பாடுவேங்கிறதயே அவரு நம்ப மாட்டாரு" என்றான். அவன் இல்லாமல் பேண்டு இல்லை, அவனுக்கு இதைவிட்டால் வேறு வாயும் இல்லை. சரி என்றேன்.

வாத்திதான் மலையைச் சொன்னவன். "இத்தினி வருசத்துல இவன் கொரலு ஒரு ரெக்கார்டுலகூட ஒழுங்கா விழுவல. எல்லாத்தையும் மில்லு முழுங்கிடுச்சு. இதுலயாவது சுத்தமா விழுவட்டும். என் வூட்டுக்கு வாங்க, ஈ காக்கா சத்தம் கெடையாது." எங்கள் மூன்று பேருக்குமே அது மகா புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

டிரம்ஸைச் சாக்கில் சுற்றி, நெல் ஏற்றும் லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு, கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினோம். நீர்வீழ்ச்சி பார்க்கப் போகிறோம் என்று கடைக்காரன் வீட்டில் சொல்லியிருந்தான். வாத்தியின் வாடகை வீட்டில் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி, கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, மேஜைமேல் லேப்டாப்பை வைத்தோம். ஸ்டூடியோ என்று நாங்கள் வெளியே பெருமையடித்துக்கொண்டது இதைத்தான்.

முதல் பாட்டுக்கு டிரம்ஸ் கட்டையைக் கையில் எடுத்தேன். வெளியே ஒரு பலாமரம், அதில் கொஞ்சம் காற்று. அதைத் தவிர ஒன்றுமில்லை. தரை செத்துக் கிடந்தது. அடிக்கத் தொடங்கினால் கை தன்பாட்டுக்கு ஓடுகிறது, நிறுத்த ஆளில்லாத மாடு மாதிரி. மறுபடி தொடங்கினால் பாதியில் தளர்கிறது. இத்தனை வருஷம் நான் வாசித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் பெல்ட்டு வாசித்தது. கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தாளம் தெரியவில்லை! அவமானம் பிடுங்கித் தின்றது.

ஒவ்வொரு முறை நான் தப்பும்போதும் கடைக்காரன் கத்தியது வீணாகப் போயிற்று. அதுதான் தாங்க முடியவில்லை. டிரம்ஸையும் கிடாரையும் முதலில் எடுத்துவிட்டு அவன் குரலைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று வாத்தி சொன்னான். அதுவும் நடக்கவில்லை. பாட்டு எங்கே திரும்புகிறது என்பதை நான் எண்ணித் தெரிந்துகொண்டதில்லை, அவன் கழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சரி, எதிரே நின்று சும்மா வாயை மட்டும் அசை என்றோம். நான்கு வரி அசைப்பான், ஐந்தாவது வரியில் குரல் பிய்த்துக்கொண்டு கிளம்பிவிடும். "பாதி கத்துடா, எரும" என்று கெஞ்சினேன். "பாதி கத்த எனுக்குத் தெரியாது" என்றான். அப்போதே குரல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி வந்தது.

வாத்தி என் காதில் ஹெட்போன் மாட்டி, கம்ப்யூட்டரில் டிக் டிக் என்று ஒன்றை ஓடவிட்டான். ஊசி குத்துவதுபோல இருந்ததே தவிர உடம்பில் ஏறவில்லை. பொழுது சாய்வதற்குள் ஒரு பாட்டுகூட முடியவில்லை. இரண்டு பேரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். கடைக்காரன் மூலையில் உட்கார்ந்து வெந்நீரை மடக்கு மடக்காக விழுங்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு விழுங்கலுக்கும் கண்ணை மூடினான். நான் பெரிய டிரம்மை ஓர் உதை உதைத்துவிட்டு வாசலுக்குப் போய் அழுதேன். என்மேல் ஆத்திரம், அவன்மேல் ஆத்திரம், அந்தப் பலாமரத்தின்மேல்கூட ஆத்திரம்.

மறுநாள் காலையில் கழுத்துக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓடினேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"யப்பா, மெஷின் ஓடுதா?"

"ஓடிக்கினுதான் இருக்குது. ஏன், இன்னா விசயம்?"

"போன எடுத்துக்கினு பெல்ட்டாண்ட போ. அந்தச் சத்தத்த அப்பிடியே பதிவு பண்ணி எனுக்கு அனுப்பு."

"இன்னாது, பெல்ட்டு சத்தமா? மலமேல குந்திக்கினு இன்னாடி கூத்து பண்ணிக்கினு இருக்கீங்க?"

"அனுப்புப்பா, உனுக்குப் புண்ணியமா போவும்!"

திட்டிக்கொண்டே அனுப்பினார். நீளமாக, தெளிவாக, என் டக் வந்து சேர்ந்தது. முடியும் இடத்தில் மட்டும் அப்பாவின் குரல், "கேக்குதா? விழுவுதா பாரு." வாத்தி அதை வெட்டாமலேயே திரும்பத் திரும்ப ஓடும்படி போட்டுவிட்டான். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை என் காதுக்குள் அப்பா, "கேக்குதா?" என்பார். கேட்டது. ஹெட்போனை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு அடித்தேன், கை தானாகத் தடத்தில் விழுந்தது. வாத்தி துள்ளிக் குதித்தான். பாட்டுப் பாட்டாக முடித்துக்கொண்டே போனோம். என் காதில் மில், எதிரே கடைக்காரன் கழுத்து. அன்றைக்கும் அவன் சொல்வது எனக்குக் கேட்கவில்லை, ஆனால் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்த வாத்தியின் கண் கலங்கியிருந்தது. சுத்தமாக விழுகிறது என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

மத்தியானம் ஒரே ஒரு பாட்டு பாக்கி. எங்களுடைய முதல் பாட்டு அது. மூன்று பேரும் சேர்ந்து இசை போட்டது, வார்த்தை கடைக்காரனுடையது, இதுவரை எந்த ஆல்பத்திலும் வைக்காமல் கடைசிக்கென்று வைத்திருந்தது. நான் அடித்தேன், வாத்தி இழுத்தான், கடைக்காரன் வாயைத் திறந்தான். கழுத்து புடைத்தது. வாத்தி கிடாரை நிறுத்திவிட்டான். ஹெட்போனைக் கழற்றினேன். கடைக்காரன் வாய் திறந்தபடியே இருக்க, வெறும் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். மறுபடி முயன்றான். மறுபடியும் காற்று. எங்களைப் பார்த்துச் சிரித்தான், அந்தச் சிரிப்புக்கும் சத்தம் இல்லை.

"போதும், நிறுத்து!" என்று கத்தினேன். "இதோட விட்டுடு. ஒரு பாட்டு இல்லன்னா குடியா முழுவிடும்?"

அவன் தலையை ஆட்டினான். மைக்கைக் கழற்றிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். நீ கத்து என்று கை காட்டினான்.

"நானா? எனுக்கு வார்த்த தெரியாதுடா."

வாத்தி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "மொத மொத போட்ட பாட்டு. வார்த்த தெரியாதா?"

"மில்லுல எனுக்கு இன்னாத்த கேட்டுச்சு? இவன் மூஞ்சியப் பாத்து, போலீசத் திட்டறான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

வாத்திக்கும் முழுதாகத் தெரியாது என்பது உடனே தெரிந்துபோயிற்று. திருதிருவென்று விழித்தான். கடைக்காரன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். இத்தனை வருஷம் அவன் யாரிடம் கத்திக்கொண்டிருந்தான்? எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கோபித்துக்கொண்டு போய்விடுவான் என்று நினைத்தேன். வாசலுக்குத்தான் போனான். அங்கே கழற்றிப் போட்டிருந்த என் பழைய செருப்பை எடுத்து வந்தான், நான் வார் தைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தது. என் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, செருப்பை உள்ளங்கையால் துடைத்து, என் கால் பக்கத்தில் வைத்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கடையில் அவன் எப்போதும் செய்வதுதான். ஆனால் இந்த இடத்தில் அவன் அத்தாவின் குரல் வரவேண்டும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற குரல், அந்தக் கடைக்குள் கால் வைத்த எல்லோருக்கும் மனப்பாடம்.

"போட்டுப் பாருங்க?" என்றேன்.

வேகமாகத் தலையாட்டினான். இரண்டு விரலைத் தரையில் நடத்திக் காட்டினான்.

"நடந்து பாருங்க?"

என் கால் கட்டைவிரலைக் கிள்ளினான். "கடிக்குதா?" என்றேன். கையைத் தூரமாக வாசலுக்கு வெளியே, மலைக்கு அந்தப்பக்கம் வரைக்கும் வீசினான். "போகப் போகச் சரியாப் போயிடும்." அவ்வளவுதான் பாட்டு. நான்கு வரி. போலீசும் இல்லை, மண்ணும் இல்லை. கடையில் அத்தா சொல்லச் சொல்லி, அவனால் ஒருநாளும் சொல்ல முடியாமல் போன நான்கு வரி.

மைக்கை அவனே என் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டான். நான் அடித்துக்கொண்டே கத்தினேன். மூச்சு வாங்கியது, இரண்டு இடத்தில் குரல் கீச்சிட்டது, முடியும் இடத்தில் இருமல் வேறு. ஒரே தடவைதான். நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். வாத்தி அப்படியே வைத்துக்கொண்டான்.

ஆபரேஷன் முடிந்தது. கட்டியில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள், அந்த மட்டுக்கும் தப்பித்தோம். குரல் வந்தது. ஆனால் அது அவன் குரல் இல்லை. மெலிசாக, பாதி காற்றாக, பக்கத்தில் போய்க் காதை நீட்டினால் மட்டும் கேட்கிற மாதிரி ஒன்று. நாளாக நாளாகத் தேறலாம், தேறாமலும் போகலாம். டாக்டருக்கே தெரியாததை நான் என்னவென்று சொல்வது.

ஒருநாள் காலையில் அவன் அத்தா மொபெட்டில் எங்கள் மில்லுக்கு வந்து நின்றார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததே இல்லை. வண்டியை நிறுத்தி முடிக்கவில்லை, அதற்குள் கேட்டார்.

"மலைக்குப் போனப்ப, டாக்டர் கத்தக் கூடாதுன்னு சொன்னது உனுக்குத் தெரியுமா தெரியாதாம்மா?"

"தெரியும் மாமா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மெஷினையே பார்த்துக்கொண்டு, "என் வூட்டுல அவன் சத்தமா ஒரு வார்த்த பேசி நான் கேட்டதில்ல. கத்துவான்னு வாத்தியார் தம்பி சொல்லுது. அதப் போடு, கேக்கறேன்" என்றார்.

போனில் ஆல்பத்தைப் போட்டேன். அவர் குனிந்து காதைக் குவித்துக்கொண்டார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, எங்கே கேட்கும்? நான் போய் சுவிட்சை அணைத்தேன். பெல்ட்டு சுற்றிச் சுற்றித் தளர்ந்து நின்றது. நெல் கொண்டுவந்திருந்த ஒருத்தர், "இன்னாம்மா, கரண்டு போச்சா?" என்று குரல் கொடுத்தார். "இல்லீங்க, கொஞ்சம் இருங்க" என்றேன்.

நெல் மூட்டைமேல் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் கேட்டார். மகன் அப்படி அலறுவதைக் கேட்டு முதலில் பதறி என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். வார்த்தை புரிந்திருக்காது. "பால்குடிப் புள்ளையா இருக்கறப்ப இப்பிடித்தான் கத்துவான், தெருவே எழுந்து வரும்" என்று மட்டும் சொன்னார். கடைசிப் பாட்டு வந்தது.

"இது யாரு?"

"நான்தான் மாமா. அதுக்குள்ள அவனுக்குத் தொண்ட போயிடுச்சு."

கேட்டுக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "இது நான் சொல்றதாச்சே."

"ஆமா மாமா. அவன் எழுதனதுதான்."

"சொல்லு சொல்லுன்னு தலையால அடிச்சிக்கினேன்" என்றார். "இங்க வந்து சொல்லிக்கினு இருந்திருக்கான்." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார். டீ சாப்பிடச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டார். வண்டியைக் கிளப்பியவர், "நீங்க மூணு பேரும் பண்ணது தப்புதான்" என்றார். இல்லை என்று நான் சொல்லவில்லை.

சித்திரை வெயிலில் என் செருப்பின் வார் ஒரேயடியாக அறுந்துபோய், காலை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். வெளியே "சேலம் சேலம், சின்னசேலம்" என்று கண்டக்டர்கள் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பழைய ஃபேன் கடகடவென்று ஓடியது. கடைக்காரன் ஓர் அம்மாவின் காலடியில் முட்டி போட்டு உட்கார்ந்து செருப்பை மாட்டிவிட்டிருந்தான். என்னை அவன் பார்க்கவில்லை. நிமிர்ந்து அந்த அம்மாவிடம் ஏதோ சொன்னான். உதடு அசைந்தது தெரிந்தது.

"இன்னா தம்பி?" என்றார் அந்த அம்மா.

மறுபடி சொன்னான். அவர் கையைக் காதில் வைத்துக்கொண்டு குனிந்தார். அப்போதும் கேட்கவில்லை. எனக்கு அவன் என்ன சொல்கிறான் என்று தெரியும். என் வாய் வரைக்கும் வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டேன். கல்லாவிலிருந்து பாய் எழுந்தார். எப்போதும்போல அவரே சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் நேராகச் சுவரோரம் போய் ஃபேனை அணைத்தார். கடகட சத்தம் மெல்ல அடங்கி நின்றது. உள்ளே இருந்த நாலைந்து பேருக்கும் உடனே வியர்த்தது.

"இன்னா பாய், இந்த வெயில்ல ஃபேன நிறுத்திட்டீங்க?"

"கொஞ்சம் இருங்கம்மா," என்றார் அவர். "பையன் பேசறான்."